ஒளித்து வைத்த பை

வார்டில் ஒரு வார்த்தை கை மாறிக்கொண்டே இருக்கிறது. 'ஒண்ணும் ஆகாது.' டாக்டர் சொல்கிறார், நர்ஸ் சொல்கிறாள், வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பவன்கூடச் சொல்கிறான். புதிதாக ஆயா வேலைக்கு வந்திருக்கிற நீங்களும் வந்த கையோடு அதைக் கற்றுக்கொண்டீர்கள். போன தடவை நான் வந்தபோது என் காதாலேயே கேட்டேன். எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது. ஏன் பிடிக்காது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது ஐந்தாவது வரை. நயமாக எழுத வராது. கோபம் வரும். அது இதிலும் வரும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தி.நகரில் ஒரு நர்சிங் ஹோமில் ஆப்பரேஷன் தியேட்டர் ஆயாவாக இருந்தேன். நொச்சிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் போவேன். கோடம்பாக்கம் பக்கம் என்பதால் சினிமா ஆட்கள் வருவார்கள். மூக்கைச் சரி பண்ண, தழும்பை மறைக்க, மார்பைப் பெரிதாக்க.

கடைசியாகச் சொன்னதற்கு உங்களில் யாராவது சிரித்தால் எழுந்து போய்விடுங்கள். அங்கேயும் ஒருவன் சிரித்தான். கம்பவுண்டர். அந்த மாதிரி ஆப்பரேஷனுக்கு 'பலூன் கேஸ்' என்று பெயர் வைத்திருந்தான். ஒருநாள் ஸ்ட்ரெச்சரில் ஒரு பெண் படுத்திருக்கும்போதே, அவள் காதில் விழுகிற மாதிரி கேட்டான்.

"இன்னா ஆயா, பலூன் வந்துடுச்சா? காத்தடிக்க பம்பு வாங்கியாரட்டா?"

நான் கையுறை கழுவிக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் கையுறையைத் தூக்கிப் போடமாட்டோம். கழுவி, காயவைத்து, பவுடர் போட்டு மறுபடி எடுப்போம். ஈரக் கையுறையாலேயே அவன் வாய்மேல் ஒன்று வைத்தேன்.

"உன் தங்கச்சி படுத்துகினு இருந்தாலும் இப்பிடித்தான் கேப்பியா நைனா?"

அதற்குப் பிறகு என் எதிரில் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லியிருப்பான்.

அந்த நாளில் நான் பார்த்தது இரண்டு தினுசு. ஒன்று ஊசி. சிலிக்கோன் என்று ஒரு எண்ணெயை ஊசியில் ஏற்றி மார்புக்குள் விடுவது. இன்னொன்று பை. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவருவார்கள். மெல்லிய பைக்குள் ஜெல்லி மாதிரி இருக்கும். உள்ளே உப்புத் தண்ணீர் நிரப்புகிற பையும் உண்டு என்பார்கள். எங்களிடம் வந்ததெல்லாம் ஜெல்லிதான்.

ஊசி போட்டுக்கொண்ட பெண் ஒருத்தியைப் பார்த்தேன். சினிமாவில் கூட்டமாக ஆடுவார்களே, அதில் பின்வரிசை. முன்வரிசைக்கு வரவேண்டுமானால் இதைப் பண்ணிக்கொள் என்று எவனோ சொல்லியிருக்கிறான். ஒரு லாட்ஜ் அறையில் வைத்து ஊசி ஏற்றியிருக்கிறான் இன்னொருத்தன். அவன் டாக்டரா என்றுகூட அவளுக்குத் தெரியாது. எங்களிடம் வந்தபோது மார்புத் தோல் கறுத்துப் போயிருந்தது. தொட்டால் கல். காய்ச்சல் வேறு.

"எடுத்துடலாம் இல்ல டாக்டர்?" என்று கேட்டாள்.

எங்கள் டாக்டர், பை என்றால் எடுக்கலாம், எண்ணெய் சதையோடு கலந்துவிட்டது, சதையோடு சேர்த்துத்தான் வெட்ட வேண்டும் என்றார். இங்கே முடியாது என்று பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். நான்தான் ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டேன். ரிக்‌ஷா கிளம்பும்போது சொன்னாள். "ஒண்ணும் ஆவாதுன்னான் ஆயா." ஊசி போட்டவனுக்குச் சாபம்கூட விடவில்லை. அவன் அப்படிச் சொன்னானே என்ற ஆச்சரியம்தான் அவள் முகத்தில் இருந்தது.

அந்த லாட்ஜ்காரன் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எழுத மாட்டேன்.

எங்கள் டாக்டர் இதிலிருந்து ஒரே ஒரு பாடம்தான் படித்தார். "நான் எண்ணெய் வைக்கிறதில்லை. பைதான் வைக்கிறேன். ஒண்ணும் ஆகாது" என்று வருகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். வார்த்தை அதேதான். சொன்ன வாய்தான் வேறு.

அந்த வாயை நம்பி வந்தவள் வசந்தி. அது அவள் நிஜப் பெயர் இல்லை. நிஜப் பெயர் உங்களுக்கு எதற்கு?

அவள் சினிமாக்காரி இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். தி.நகரில் அவர்கள் ஊர்க்காரர்கள் வைத்திருக்கிற ஒரு துணிக்கடை வீட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அம்மாதான் கூட்டிக்கொண்டு வந்தாள். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா, பெண் பலகை மாதிரி இருக்கிறாள் என்று யாரிடமோ சொன்னாளாம். அது வசந்தியின் அம்மா காதுக்கு வந்துவிட்டது. உடனே மகளைக் கத்திக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அம்மா நிறையக் கேட்டாள். தழும்பு தெரியுமா? மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிடுமா? முகூர்த்தத்துக்குள் ஆறிவிடுமா? டாக்டர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். தழும்பு மார்புக்கு அடியில் மடிப்பில் போய்விடும், யாருக்கும் தெரியாது, நீங்களும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். வசந்தி ஒன்றே ஒன்று கேட்டாள். பிள்ளை பிறந்தால் பால் கொடுக்க முடியுமா?

டாக்டர் சிரித்தார். "முதல்ல கல்யாணம் ஆகட்டும்மா. ஒண்ணும் ஆகாது."

"ஏட்டி, சும்மா இரி" என்றாள் அம்மா.

டாக்டர் போன பிறகு வசந்தி அதையே என்னிடம் கேட்டாள். இது உங்களுக்கும் நடக்கும். டாக்டரிடம் கேட்க முடியாததெல்லாம் ஆயாவிடம்தான் வரும். படுக்கை விரிக்கும்போது கேட்பார்கள். தலை வாரிவிடும்போது கேட்பார்கள். அப்போது உங்கள் நாக்கு நுனியில் அந்த வார்த்தை வந்து நிற்கும். விழுங்கிவிடுங்கள்.

"தெரியாதும்மா" என்றேன். "தெரிஞ்சா சொல்லமாட்டனா? நாளைக்கு அவரு வர்றச்சொல்ல மறுபடி கேளு. பதில் வர்ற வரைக்கும் கேளு."

மறுநாள் அவள் வாயைத் திறந்தாள். அம்மா கையைப் பிடித்து அழுத்தினாள். அதோடு சரி. பை வைத்தாகிவிட்டது. கல்யாணமும் ஆகியிருக்கும்.

அந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நாளில் விட்டுவிட்டு மயிலாப்பூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சின்ன இடம். அங்கேதான் வசந்தியை மறுபடி பார்த்தேன். தலைப்பிரசவம். ஆண் குழந்தை. தி.நகரில் ஆஸ்பத்திரியே இல்லையா? இருந்தது. அங்கே யாராவது அடையாளம் கண்டுவிடுவார்கள் என்றுதான் அவள் அம்மா மயிலாப்பூருக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். வந்த இடத்தில் நான் இருந்தேன்.

வசந்தி என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அம்மா என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சரி, அது உங்கள் விஷயம் என்று நான் என் வேலையைப் பார்த்தேன். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. நல்லபடியாகத்தான் போயிற்று.

வீட்டுக்குப் போக இருந்த நேரத்தில் காய்ச்சல் வந்தது. ஒரு பக்க மார்பு சிவந்து வீங்கிவிட்டது. கை வைக்க விடவில்லை. குழந்தை பெற்றவர்களுக்குப் பால் கட்டிச் சீழ் வைப்பது அங்கே புதிதில்லை. டியூட்டியில் இருந்த டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார். உள்ளே உருண்டையாகக் கெட்டியாக இருந்தது. சீழ்க்கட்டி என்று முடிவு பண்ணினார். கீறி விட்டால் சரியாகிவிடும் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே பை இருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? தழும்பு மடிப்புக்குள் இருந்தது. வீக்கத்தில் அதுவும் மறைந்துவிட்டது.

என்னைக் கத்தித் தட்டு கொண்டுவரச் சொன்னார்.

அறையில் யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். கட்டிலில் வசந்தி. தலைமாட்டில் அவள் அம்மா. கால்மாட்டில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு மாமியார். வசந்தி என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்கிற பார்வை. நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். அவள் மகளின் தோளைப் பிடித்து, "கொஞ்சம் பொறுத்துக்க, டாக்டரம்மா பாத்துக்கிடுவாவ" என்றாள். பை கிழியும் என்று அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் பை இருக்கிறது என்று தெரியும். வாயை மூடிக்கொண்டு மகளைக் கத்திக்குக் கொடுத்தாள். இரண்டாவது தடவை.

இந்த இடத்தில் நில்லுங்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?

மாமியார் எதிரில் போட்டு உடைத்தால் அந்தப் பெண்ணின் குடித்தனம் போகும். அதைச் சொல்ல நான் யார்? சொல்லாவிட்டால் கத்தி போய்ப் பையைக் கிழிக்கும். சீழும் ஜெல்லியும் ஒன்றாகும். லாட்ஜ்காரனிடம் ஊசி போட்டுக்கொண்டவளின் கறுத்த தோல் என் கண் முன்னால் வந்தது.

நான் கத்தித் தட்டு எடுக்கப் போனேன். பெட்பேன் எடுத்துக்கொண்டு வந்தேன்.

"இதுக்கு அவசரமாம். எல்லாரும் கொஞ்சம் வெளியே போங்க."

மாமியார் சேலையை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்தாள். அம்மா மட்டும் நகரவில்லை. "நானும் இருக்கேன்" என்றாள். "இங்க சொந்தக்காரங்க இருக்கக்கூடாதும்மா" என்று கதவைக் காட்டினேன். டாக்டரம்மாவும் வெளியே போய்விட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டரால் ஆகாததும் பெட்பேனால் ஆகும். பெட்பேனைத் தூக்கினால் எப்பேர்ப்பட்டவனும் அறையை விட்டுப் போவான். இது நம்மிடம் மட்டும் இருக்கிற அதிகாரம். வீணாக்காதீர்கள்.

கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே போனேன்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"அவிய என்னை வச்சுக்கிட மாட்டாவ ஆயாம்மா."

"கத்தி வெச்சா உள்ள இருக்குற பை கிழியும்."

சிவந்த பக்கத்தைக் காட்டினாள். பிறகு, இந்தப் பக்கம் கல்யாணமான வருஷமே இறுகிவிட்டது, புருஷன் கேட்டபோது என் உடம்பே இப்படித்தான் என்று சொன்னேன் என்றாள். வலியோடு இவ்வளவு நாள் இருந்திருக்கிறாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று டாக்டர் சொன்னாரே, அதனால்.

"பிள்ளையை எடுத்துட்டுப் போயிருவாவளா?"

"தெரியாது" என்றேன். "டாக்டரம்மாகிட்ட மட்டும் சொல்லு. மாமியார்கிட்ட சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். அதை நான் கேக்கமாட்டேன். இதைக் கேப்பேன்."

அவள் டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னாள். அவளே சொன்னாள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "உனக்குத் தெரியுமா? கத்தி கேட்டப்பவே ஏன் சொல்லலை?" என்று சத்தம் போட்டார். "அவங்க வாயால வரணும்னு இருந்தேன்மா" என்றேன். இன்னும் இரண்டு வார்த்தை திட்டினார். வாங்கிக்கொண்டேன். கத்தி உள்ளே போகவில்லை. எனக்கு அது போதும்.

ரகசியம் வெளியாளுக்குத்தான். கத்தி பிடிக்கிறவருக்கு இல்லை. இதை நீங்கள் பேஷண்டிடம் சொல்ல வேண்டும். உடம்பில் பை வைத்தவள் எந்த டாக்டரிடம் போனாலும், எதற்குப் போனாலும், முதலில் அதைச் சொல்ல வேண்டும். பல் பிடுங்கப் போனாலும் சொல்லட்டும், குறைந்தா போய்விடுவாள்?

டாக்டரம்மா வெளியிலிருந்து ஒரு சர்ஜனை வரவழைத்தார். வயதானவர். மெதுவாகப் பேசுவார். நான் இத்தனை வருஷத்தில் பார்த்த டாக்டர்களில் 'தெரியாது' என்று வாய் கூசாமல் சொன்னவர் அவர் ஒருத்தர்தான். பையைச் சுற்றிச் சீழ் பிடித்திருக்கிறது, பையை எடுத்தால்தான் ஆறும் என்றார். வசந்தி தன் புருஷனிடம் தானே சொல்கிறேன் என்றாள். அவன் கடையிலிருந்து வந்தான். உள்ளே போனான். வெளியே வந்து கையெழுத்துப் போட்டான். வராந்தாவில் போய் நின்றுகொண்டான். 

சீழ் பிடித்த பக்கத்துப் பை கிழியாமல் வந்தது. நான் கிண்ணத்தில் வாங்கினேன். மேலே வெள்ளையாக ஒரு தோல். உடம்பு தானாகக் கட்டிக்கொண்ட தோல். அது இறுகினால்தான் மார்பு கல்லாகும் என்று சர்ஜன் காட்டினார். எல்லோருக்கும் இறுகாது, யாருக்கு இறுகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். எந்தப் பையும் ஆயுசுக்கும் வராது என்றார். இதைச் சொல்ல எவ்வளவு நேரமாயிற்று? நான் கிண்ணத்தைக் கழுவி வைக்கிற நேரம்தான். தி.நகர் டாக்டருக்கு அந்த நேரம் இல்லை.

விஷயம் புருஷன் மூலமாக மாமியாருக்குப் போய்விட்டது. வராந்தாவில் இரண்டு சம்பந்திகளும் நின்றார்கள். நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். இப்படி ஏமாற்றுவீர்களா என்று மாமியார் கேட்டாள். வசந்தியின் அம்மா உடைந்துவிட்டாள்.

"நீங்கதான சொன்னிய? பொண்ணு பாக்க வந்தப்பம், பலகை மாதிரி இருக்கான்னு சொன்னியள்ளா?"

மாமியார் யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"நானா? எப்பம்? எனக்கு நெனப்பே இல்லையே."

துடைப்பத் துணியை வாளியில் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அங்கே நின்றிருந்தால் வேலை போயிருக்கும். பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது. அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

இன்னும் கேளுங்கள். வசந்தியின் அம்மா நேராகச் சர்ஜனிடம் போனாள். ஆறின பிறகு எடுத்த பக்கம் வேறு ஒன்று வைத்துவிடலாமா என்று கேட்டாள். பெண்ணைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார். பெண்ணைக் கேட்டாள். "வேண்டாம்" என்று பெண் சொன்னதை நான் கேட்டேன். அவள் அம்மாவிடம் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் மாமியார் பால் டப்பாவோடு வந்தாள். குழந்தையின் துணிமணியை ஒரு கூடையில் எடுத்து வைத்தாள். பேரனை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன், இவள் ஆறின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள். "அந்தப் பாலை எம் பேரன் குடிக்க வேண்டாம். பிளாஸ்டிக் கலந்திருக்கும்" என்றாள். குழந்தை அவள் தோளில் அழுதுகொண்டிருந்தது. புருஷன் வாசல்படியில் நின்றான்.

சர்ஜன் கட்டுப் பார்க்க வந்திருந்தார். வசந்தி அவரிடம் கேட்டாள். அதே கேள்வி.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்மா. பால் சுரக்கிற இடத்துக்குப் பின்னாடி பை இருக்கு. இன்னொரு பக்கத்துப் பை கிழியலை, சீழும் இல்லை. இத்தனை நாளா குடிச்சிருக்கான், நல்லாத்தான் இருக்கான். அதனால அந்தப் பக்கம் குடுக்கலாம்ங்கறது என் அபிப்பிராயம். ரொம்ப வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு கேட்டா தெரியாது. இது புதுசு, இன்னும் யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கமும் இறுகினாலோ வலிச்சாலோ ஒளிக்காம வாங்க. குழந்தை எடையை நாங்க பாத்துக்கிட்டே இருக்கோம்."

இப்படித்தான் பேச வேண்டும். தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு. இது நடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போது பையும் மாறியிருக்கும், டாக்டர்களுக்குத் தெரிந்ததும் கூடியிருக்கும். அதை இன்றைக்கு இருக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேசுகிற விதம் மட்டும் மாறக்கூடாது.

வசந்தி கையை நீட்டினாள்.

"பிள்ளையைக் குடுங்க அத்தை. பால் எங்கிட்டதான் இருக்கு."

மாமியார் மகனைப் பார்த்தாள். மகன் கூடையைப் பார்த்தான். இவன் என்ன சொல்லப் போகிறானோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். படியிலிருந்து உள்ளே வந்தான். கூடையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

"குடும்மா" என்றான்.

மாமியார் குழந்தையைக் கொடுத்தாள். கட்டுப் போட்டிருந்த பக்கம் இடிக்காமல் நான் தலையணை வைத்தேன். குழந்தை முதலில் முரண்டியது, பிறகு பிடித்துக்கொண்டது. அழுகை நின்றது. பால் டப்பா ஜன்னலில் அப்படியே இருந்தது.

வசந்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"குடுக்க முடியுது ஆயாம்மா" என்றாள்.

கல்யாணத்துக்கு முன்னால் தி.நகரில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அது. அந்தப் பதிலைச் சொல்லியிருக்க வேண்டியவள் அவள் இல்லை.